வெறுங்கையோடு திரும்புங்கள்!

திருவள்ளூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? அமாவாசை தவறாமல் ஜனங்கள் திரண்டு போகும் வீரராகவப் பெருமாள் கோயிலும், வேண்டிக்கொண்டு வெல்லம் கரைக்கும் திருக்குளமும்தான். சரி, கும்மிடிப்பூண்டி என்றதும்? ஆலைகள், புகைபோக்கிகள், பொழுது விடிவதற்குள் மின்சார ரயிலில் சாப்பாட்டு டப்பாவுடன் ஓடி ஏறும் ஆண்களும் பெண்களும். இந்த ஜில்லாவே தொழிற்பேட்டை ஜில்லா என்று பெயர் வாங்கிவிட்டது அல்லவா?

"இங்கே தொழில் எப்போது தொடங்கிற்று?" என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "எங்கள் அப்பா காலத்தில்" என்பார் ஒருவர். "வெள்ளைக்காரன் காலத்தில்" என்பார் இன்னொருவர். சரியான விடை இதுதான்: சுமார் பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு!

திகைக்க வேண்டாம். அந்தப் பழைய பட்டறையில் செய்த கருவிகள் இன்றும் அதே மண்ணில் கிடக்கின்றன. பூண்டி ஏரிக்கு அப்பால், முட்செடிகளும் சரளைக் கற்களும் மண்டிய ஒரு காட்டுக்குள் அரை நாள் நடந்தால், அந்தக் கருவிகளுக்குக் கல் கொடுத்த மலையையும் அதிலுள்ள குகையையும் பார்த்துவிட்டு வரலாம். அதற்குப் பெயர் குடியம் குகை. இந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு போய் வர நினைக்கிறீர்களா? அப்படியானால் இதைப் படித்துவிட்டுப் புறப்படுங்கள். முக்கியமாக, அங்கிருந்து என்ன கொண்டு வரலாம், என்ன கொண்டு வரக்கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு புறப்படுங்கள்!

தமிழ்நாட்டில் பாலைவனமா?

வெளிநாடுகளில் பாலைவனத்துக்கு நடுவே காப்பகங்கள் அமைத்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்த ஒரு வழிகாட்டி, பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு மூன்று மணி நேரம் நடத்திக் கூட்டிப் போய்க் கல்லையும் முள்ளையும் காட்டுகிறார். "கல்லையும் முள்ளையும் பார்க்கவா காசு செலவழித்துப் போவது?" என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் போய் வந்தவர்கள் அதைப் பற்றி மாதக் கணக்கில் பேசுகிறார்கள்!

நம் தமிழ் இலக்கணக்காரர்கள் பாலையையும் ஒரு திணையாக வைத்தார்கள். ஆனால் அதற்கென்று தனியாக நிலம் ஒதுக்கவில்லை. மழை பொய்த்து, வெயில் தகித்து, பசுமை கருகிய மலையும் காடுமே பாலை என்றார்கள். பூண்டிக்கு வடமேற்கே உள்ள அல்லிக்குழி மலைப் பகுதியைப் பார்த்தால் அந்தப் பேச்சின் பொருள் விளங்கும். ராஜஸ்தானத்து மணல் மேடுகள் இங்கே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் எங்கும் பச்சைதான். ஆனால் சித்திரையில் போனால், கால் வைத்த இடமெல்லாம் அடுப்பில் காய்ந்த தோசைக்கல்!

ஆகவே முதல் யோசனை: மார்கழி, தை, மாசி ஆகிய மாதங்களில் போங்கள். கோடையில் போகவே போகாதீர்கள். போகிற நாளிலும் காலை ஏழு மணிக்குள் நடக்கத் தொடங்கிவிட வேண்டும். உச்சி வெயிலுக்குள் திரும்பிவிட வேண்டும்.

புறப்படுவதற்கு முன்

சென்னையிலிருந்து அரக்கோணம் மார்க்கத்து மின்சார ரயிலில் ஏறித் திருவள்ளூரில் இறங்கலாம். அங்கிருந்து பூண்டி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கொசஸ்தலை ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டி 1944-ல் முடித்த நீர்த்தேக்கம் அது. சென்னை நகரின் மேயராக இருந்து, குடிதண்ணீருக்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நகரத்தில் நம் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரில் இந்த ஏரிக்கும் பங்கு உண்டு.

காட்டுக்குள் நினைத்தபடி நுழைந்துவிட முடியாது. குடியத்தைச் சுற்றியிருப்பது காப்புக் காடு. வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுப் பெற வேண்டும். வழி தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டுதான் போக வேண்டும். இது வெறும் சட்டத்துக்காகச் சொல்லுவதல்ல. உள்ளே போய்விட்டால் எல்லாப் புதரும் ஒரே மாதிரி இருக்கும். ஒற்றையடிப் பாதைகள் நாலாபுறமும் பிரியும். கைப்பேசியை நம்பி நடக்கிறவர்களுக்கு அது திடீரென்று மௌன விரதம் பூண்டுவிட்டால் என்ன கதி?

பெண்களுக்குச் சில வார்த்தைகள். பளபளப்பான புடவைக்கு அங்கே வேலை இல்லை. முழங்கை மறைக்கும் பருத்தி உடையும், கால் முழுவதையும் மூடும் ஜோடும் வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் அவசியம். வழியில் கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. தயிர் சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் இருந்தால் அமிர்தம். இன்னும் ஒரு முக்கியமான விஷயம்: அன்றைக்கு மட்டும் மல்லிகைப் பூவும் வாசனைத் தைலமும் வேண்டாம். ஏன் என்று குகைக்குப் போகும்போது சொல்லுகிறேன்.

முள்ளுக்கும் ஒரு முறை உண்டு

குடியம் கிராமத்தைத் தாண்டியதும் காடு ஆரம்பமாகிறது. காடு என்றதும் வானளாவும் மரங்களை எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் ஆள் உயரத்துப் புதர்கள்தான். காரை, களா, சூரை, இலந்தை, விராலி, ஆங்காங்கே ஈச்சஞ்செடி. உங்கள் ஊறுகாய் ஜாடியில் குடியிருக்கும் களாக்காயின் பிறந்த வீடு இப்படிப்பட்ட இடம்தான்.

இலைகளைத் தொட்டுப் பாருங்கள். பல இலைகள் சிறியவை, தடித்தவை, சில மெழுகு பூசினாற்போல் மினுக்குபவை. தண்ணீர் சிக்கனம் என்பதை இந்தச் செடிகளிடம்தான் கற்க வேண்டும். பெரிய இலை விரித்தால் ஈரம் ஆவியாகிப் போய்விடும். ஆகவே இலையைச் சுருக்கிக்கொள்ளுகின்றன. எஞ்சியிருப்பதை ஆடு மாடு மேய்ந்துவிடாமல் முள் வைத்துக் காக்கின்றன. மாதக் கடைசியில் நாம் குடும்பம் நடத்துகிற மாதிரிதான்!

சூரை முள் புடவையைப் பிடித்துக்கொண்டால் முன்னால் இழுக்காதீர்கள். அந்த முள் கொக்கி போல் பின்னோக்கி வளைந்தது; இழுக்க இழுக்க இன்னும் ஆழமாகப் பதியும். ஓர் அடி பின்னால் நகர்ந்தால் தானாகவே விட்டுவிடும். பிடிவாதக்காரர்கள் சிலரிடமும் இந்த முறை பலிக்கிறது.

இந்த ஜில்லாவின் காடுகளை நன்றாக அறிந்தவர்கள் இருளர் சமூகத்துப் பெரியவர்கள். எந்தக் கிழங்கு எப்போது தோண்டலாம், எந்தப் புற்றில் பாம்பு இருக்கும், எந்தப் பாறையில் தேன் கட்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அப்படி ஒருவர் துணைக்குக் கிடைத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். அவர் நில் என்றால் நில்லுங்கள். ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

காலடியில் கிடக்கும் கூழாங்கற்கள்

கொஞ்ச தூரம் நடந்ததும் ஒரு விஷயம் கவனத்துக்கு வரும். ஏறுகிற இடம் மேடு. ஆனால் கீழே கிடப்பவையோ ஆற்றங்கரையில் பார்க்கிற மாதிரி வழவழப்பான உருண்டைக் கற்கள். மலை மேல் கூழாங்கல் எப்படி வந்தது?

வந்தது உண்மையில் தண்ணீரால்தான். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஓடிய நீரோட்டங்கள் இந்தக் கற்களை உருட்டிக் கொண்டுவந்து குவித்தன. பிறகு மணலும் மண்ணும் அவற்றோடு சேர்ந்து இறுகிப் பாறையாயின. பாறையின் வெட்டு முகத்தைப் பார்த்தால், வெல்லப் பாகில் வேர்க்கடலை பதிந்த கடலை உருண்டைதான் நினைவுக்கு வரும். மழையும் வெயிலும் பாகை அரிக்க அரிக்க, 'கடலை' ஒவ்வொன்றாக உதிர்ந்து சரிவில் உருளுகிறது.

அந்தக் கற்கள் பெரும்பாலும் குவார்ட்ஸைட் என்ற இனத்தைச் சேர்ந்தவை. மிகவும் கடினமானவை. அடித்தால் தூளாகாது, சில்லு சில்லாகப் பெயரும். பெயர்ந்த விளிம்பு கத்தி போல் கூர்மையாக இருக்கும். தோலை உரிக்க, இறைச்சியை அறுக்க, கிழங்கு தோண்ட, மரத்தைச் சீவ இதைவிட நல்ல சரக்கு கிடைக்குமா? ஆதி மனிதர்களின் கண்ணில் இது பட்டுவிட்டது. ஆலை வைக்கிறவர்கள் முதலில் கச்சாப் பொருள் எங்கே கிடைக்கிறது என்றுதானே பார்ப்பார்கள்? அவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள்.

சரளைக் குழியில் கிடைத்த புதையல்

இந்தச் செய்தி உலகத்துக்குத் தெரிந்த விதம் சுவாரசியமானது.

1863-ம் வருஷம் மே மாதம் 30-ம் தேதி. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இருபத்தெட்டு வயது இளைஞர், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தவர், பல்லாவரத்தில் சரளைக் கல் எடுப்பதற்காகத் தோண்டிய ஒரு குழியை எட்டிப் பார்த்தார். குழிக்கருகில் கிடந்த கற்களில் ஒன்று அவர் கண்ணை உறுத்தியது. இயற்கையாய் உடைந்த கல் அல்ல. மனிதக் கை செதுக்கிய கல்! அதற்கு நாலு வருஷம் முன்னால்தான், பிரான்ஸ் தேசத்தில் ஓர் ஆற்றுப் படுகையில் கிடைத்த கல் கோடரிகள் மிகப் பழைய மனிதர்களின் கைவேலைதான் என்று ஐரோப்பியப் பண்டிதர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். இந்தியாவிலும் அத்தகைய மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்குப் பல்லாவரத்துக் கல் சாட்சியாக வந்து நின்றது.

அதே ஆண்டில் ஃபூட் தம் சகா வில்லியம் கிங்குடன் கொசஸ்தலை ஆற்றுப் படுகைக்கு வந்தார். அதிரம்பாக்கம் என்ற சிற்றூருக்கருகே அவர்கள் கண்டது ஒரு கல் அல்ல, இரண்டு கல் அல்ல, ஏராளம்! இந்த வகைக் கருவிகளுக்குப் பின்னால் அறிஞர்கள் சென்னையின் பழைய பெயரையே சூட்டி, 'மதராஸ் இண்டஸ்ட்ரி' என்று அழைத்தார்கள். இண்டஸ்ட்ரி என்றால் தொழில்தானே? கும்மிடிப்பூண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டும்!

ஃபூட் ஆயுள் முழுவதும் சேகரித்த பொருள்களைச் சென்னை அருங்காட்சியகம் 1904-ல் விலை கொடுத்து வாங்கியது. எழும்பூருக்குப் போகும்போது மறக்காமல் அந்தக் கற்களையும் விசாரித்துப் பாருங்கள். பூண்டியிலேயே மாநிலத் தொல்லியல் துறை 1985-ல் அமைத்த சிறிய அகழ்வைப்பகம் இருக்கிறது. காட்டுக்குப் போகும் நாளில் அதையும் பார்த்துவிடுவது நல்லது. என்ன பார்க்கிறோம் என்று தெரிந்தால்தானே கண்ணுக்குத் தட்டுப்படும்?

கருவியா, கல்லா?

தேங்காய் உடைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். எங்கே தட்டினால் சரியாக இரண்டாகும் என்பது கைக்குத்தான் தெரியும். வாயால் சொல்ல வராது. கல் உடைப்பதும் அப்படியே. ஒரு கையில் வேலைக்குரிய கல். இன்னொரு கையில் சுத்தியலாக ஓர் உருண்டைக் கல். விளிம்பில் சரியான கோணத்தில் ஓங்கித் தட்டினால் ஒரு சில்லு பெயரும். கல்லைத் திருப்பி மறுபுறம் ஒரு தட்டு. இப்படி இருபுறமும் மாறி மாறித் தட்டி, ஒரு முனை கூராகவும் மறு முனை உள்ளங்கையில் அடங்கும்படி தடிப்பாகவும் வருகிற கருவிதான் கைக்கோடரி. பார்ப்பதற்கு ஒரு பெரிய நீர்த்துளி போல இருக்கும். அறுப்பதும் வெட்டுவதும் தோண்டுவதும் எல்லாம் அது ஒன்றிலேயே. நம் சமையலறையில் அரிவாள்மணை செய்யாத வேலை உண்டா? அந்த மாதிரி.

மனிதன் தட்டிய கல்லை எப்படி அடையாளம் காண்பது? அடி விழுந்த இடத்துக்குக் கீழே சில்லில் ஒரு சிறு மேடு புடைத்திருக்கும். அங்கிருந்து கிளிஞ்சலின் வரிகள் போல அலை அலையாகக் கோடுகள் பரவும். அதற்கு மேல், தட்டிய தடங்கள் ஓர் ஒழுங்கில் இருக்கும். தானாக உருண்டு உடைந்த கல்லில் அந்த ஒழுங்கு இராது. அம்மி பொளிந்திருப்பதற்கும் அம்மி தேய்ந்திருப்பதற்கும் வித்தியாசம் தெரிகிறவர்களுக்கு இதுவும் தெரியும்.

குகையில் பேசாதீர்கள்

பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. திடீரென்று புதர் விலகுகிறது. எதிரே, மலையைக் குடைந்து யாரோ வாயைத் திறந்து வைத்தாற்போல் ஒரு பிரம்மாண்டமான பாறை நிழல்! அண்ணாந்து பார்த்தால், கூரை முழுவதும் அந்தக் கடலை உருண்டைக் கற்கள் துருத்திக்கொண்டிருக்கின்றன. உள்ளே ஊரார் வைத்து வணங்கும் அம்மன். வெளியே நெருப்பாய்க் கொதிக்கிற நாளிலும் உள்ளே நிழல் குளுகுளுவென்றிருக்கும்.

இப்போது பூ விஷயத்துக்கு வருவோம். மேலே கூரையில் பெரிய பெரிய தேனடைகள் தொங்கலாம். மலைத்தேனீக்களுக்கு வாசனையும் பிடிக்காது, கூச்சலும் பிடிக்காது, புகை கண்டால் கேட்கவே வேண்டாம். ஆகவே குகையில் கைதட்டக் கூடாது. எதிரொலி கேட்கிறதா என்று குழந்தைகள் கூவிப் பார்க்கக் கூடாது. சிகரெட் பிடிக்கும் கணவன்மார்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். ஒரு வேளை தேனீக்கள் கலைந்துவிட்டால், கையை வீசி விரட்டாமல் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு விரைவாக விலகிவிட வேண்டும்.

இந்தக் குகையில் 1962 முதல் 1964 வரை மத்திய தொல்லியல் துறையைச் சேர்ந்த கே. டி. பானர்ஜி அகழ்ந்து பார்த்தார். கீழே பழைய கைக்கோடரிக் காலத்துக் கருவிகளும், மேலே போகப் போகச் சிறிய கருவிகளும் கிடைத்தன. ஆனால் ஆண்டுக் கணக்காகக் குடும்பம் நடத்தியதற்கான அடையாளம் பெரிதாக இல்லை. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கியிருப்பார்கள் போலும். அவர்களுடைய வேலையெல்லாம் கீழே, ஆற்றங்கரைச் சமவெளியில்தான் மும்முரமாக நடந்தது. சில கிலோமீட்டர் தூரத்திலுள்ள அதிரம்பாக்கம்தான் பட்டறை. நல்ல கல் இருக்கும் இடத்திலிருந்து அதைத் தேர்ந்தெடுத்து அங்கே தூக்கிப் போயிருக்கிறார்கள்.

டிரங்குப் பெட்டிக்குள் இரண்டு புடவை

பதினைந்து லட்சம் ஆண்டு என்று ஆரம்பத்தில் சொன்னேன். கல்லில் தேதி பொறித்திருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். பொறித்துத்தான் இருக்கிறது, படிக்கத் தெரிய வேண்டும்!

அதிரம்பாக்கத்தில் சாந்தி பப்பு என்ற பெண் அறிஞர், சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சார்பில் 1999-ல் அகழ்வாய்வைத் தொடங்கினார். குமார் அகிலேஷும் வெளிநாட்டு விஞ்ஞானிகளும் அவருடன் சேர்ந்து உழைத்தார்கள். பல மீட்டர் ஆழத்தில், களிமண்ணுக்குள், வைத்தது வைத்தபடி கருவிகள் கிடைத்தன. கூடவே விலங்குகளின் பற்களும், சேற்றில் பதிந்த குளம்புத் தடங்களும்!

அந்தக் கற்களுக்கு வயது கண்ட விதத்தை ஒரு புடவைக் கதையாகச் சொல்லலாம். வெட்டவெளியில் கிடக்கும் கல்லின் மேல் விண்வெளியிலிருந்து கதிர்கள் ஓயாமல் விழுகின்றன. அவை கல்லுக்குள் இரண்டு அபூர்வப் பொருள்களை உண்டாக்குகின்றன. ஒன்று அலுமினியத்தில் ஒரு வகை. இன்னொன்று பெரிலியத்தில் ஒரு வகை. கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர் விழாது. புதிதாக எதுவும் உண்டாகாது. உண்டானவை மட்டும் மெள்ள மெள்ள அழியும். அலுமினியம் ஏழு லட்சம் ஆண்டுகளில் பாதியாகும். பெரிலியம் பாதியாவதற்குப் பதினான்கு லட்சம் ஆண்டுகள் பிடிக்கும். டிரங்குப் பெட்டியில் இரண்டு சாயப் புடவைகளை வைத்துப் பூட்டுகிறீர்கள். ஒன்று சீக்கிரம் வெளுக்கும் சாயம். மற்றொன்று மெதுவாக வெளுக்கும் சாயம். என்றைக்காவது திறந்து, இரண்டும் எவ்வளவு வெளுத்திருக்கின்றன என்று ஒப்பிட்டால், பெட்டி எத்தனை நாள் பூட்டியிருந்தது என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதே கணக்குத்தான்.

இது போதாதென்று மண்ணையும் சாட்சிக்கு அழைத்தார்கள். பூமியின் காந்தம் எப்போதும் வடக்கையே காட்டியதில்லை. மிகப் பழைய காலங்களில் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. அதிரம்பாக்கத்துக் களிமண் படிந்தபோது காந்தம் தலைகீழாக இருந்தது. ஆகவே அது பத்து லட்சம் ஆண்டுக்கும் முற்பட்டது. கற்களின் சராசரி வயதோ சுமார் 15 லட்சம் ஆண்டு. 2011-ல் 'சயின்ஸ்' பத்திரிகையில் இது வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

2018-ல் 'நேச்சர்' பத்திரிகையில் மற்றொரு செய்தி வந்தது. பெரிய கைக்கோடரிகளை விட்டுவிட்டு, கல்லை முதலில் பக்குவம் செய்துகொண்டு ஒரே தட்டில் வேண்டிய வடிவத்தில் சில்லைப் பெயர்க்கும் நுட்பம், அதிரம்பாக்கத்தில் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதாம். ஆப்பிரிக்காவிலிருந்து வெகு பிற்காலத்தில் வந்தவர்களே அந்த நுட்பத்தை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள் என்று அதுவரை பல அறிஞர்கள் எண்ணியிருந்தார்கள்.

இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா, ஆதித் தமிழன்!" என்று மார்தட்டத் தோன்றும். அவசரப்படாதீர்கள். பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. நம்முடைய மனித இனம் பிறந்தே சுமார் மூன்று லட்சம் ஆண்டுதான். அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் நமக்கு முந்திய வேறு மனித இனத்தார். அவர்களுடைய எலும்பு ஒன்றுகூட அதிரம்பாக்கத்தில் கிடைக்கவில்லை. கைவேலைதான் கிடைத்திருக்கிறது. எந்த ஜாதிக்கும் மொழிக்கும் சொந்தமாகாத, மனிதகுலம் முழுமைக்கும் பொதுவான சொத்து அது.

ஒரே ஒரு கல்தானே?

இப்போது திரும்பும் நேரம். காட்டில் நடந்து வருகிறீர்கள். காலடியில் ஒரு கல். நீர்த்துளி வடிவம், கிளிஞ்சல் வரிகள், உள்ளங்கையில் வைத்தால் அப்படியே பொருந்துகிறது. கட்டைவிரல் எங்கே இருக்க வேண்டும் என்று அந்தக் கல்லே சொல்லுகிறது! பையன், "அம்மா, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம்!" என்கிறான். கண்ணாடி அலமாரியில் கொலு பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு அழகு! இத்தனை கோடிக் கல்லில் ஒன்று குறைந்தால் என்ன முழுகிவிடும்?

பெட்டியிலிருந்த புடவைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அவை பெட்டிக்குள் இருந்தபடியால்தான் கணக்கு வந்தது. யாரோ ஒருவர் முன்பே எடுத்துக் கட்டிக்கொண்டு போயிருந்தால்? கல்லின் மதிப்பு கல்லில் மட்டும் இல்லை. அது கிடந்த இடத்தில் இருக்கிறது. எந்த மண்ணில், எவ்வளவு ஆழத்தில், பக்கத்தில் எதனோடு கிடந்தது என்பதுதான் அது பேசும் பாஷை. எடுத்துவிட்டால் அது ஊமை. அலமாரியில் இருப்பது வெறும் கல். அடுத்த தலைமுறையில் வீடு மாற்றும்போது குப்பைக் கூடைக்குப் போகும்.

அமெரிக்காவில் அரிஜோனாப் பாலைவனத்தில், மரங்கள் கல்லாக மாறிக் கிடக்கும் ஒரு தேசியப் பூங்கா உண்டு. பார்க்க வந்தவர்களில் சிலர், ஒரு துண்டுதானே என்று பையில் போட்டுக்கொண்டு போனார்கள். பிற்பாடு மனச்சாட்சி உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்பினார்கள். பூங்கா அதிகாரிகள் என்ன செய்வார்கள்? எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று தெரியாத கல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது? தனியாக ஓரிடத்தில் குவித்து வைத்தார்கள். 'மனச்சாட்சிக் குவியல்' என்று அதற்குப் பெயர்! திருப்பிக் கொடுத்தாலும் திரும்பாத பொருள் உலகத்தில் சில உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. திருவள்ளூர் ஜில்லாவில் வீட்டுக்கும் சாலைக்கும் ஆலைக்கும் செம்மண்ணும் சரளையும் வேண்டியிருக்கிறது. லாரி லாரியாகத் தோண்டுகிறார்கள். நாம் குடியிருக்கும் வீட்டின் அஸ்திவாரத்தில் என்ன சரளை கொட்டியிருக்கிறதோ, யார் கண்டது? ஃபூட் முதல் கல்லைக் கண்டதே ஒரு சரளைக் குழியில்தான். ஆனால் அன்று குழியைத் தோண்டியது மண்வெட்டி; எட்டிப் பார்க்க ஒருவருக்கு நேரம் இருந்தது. இன்றைய இயந்திரம் ஒரு நாளில் ஒரு மேட்டையே விழுங்கிவிடும். எட்டிப் பார்ப்பதற்குள் பள்ளம்தான் மிஞ்சும். ஆலையும் வேண்டாம், வீடும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. எந்த மேட்டைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதையாவது முன்னால் பார்த்துவிட்டுத் தோண்டலாம். அதைக் கேட்கிற குரல் ஊரில் எழ வேண்டுமானால், அந்த மேடு என்னவென்று ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் உங்களை நடந்துபோய்ப் பார்க்கச் சொல்லுகிறேன்.

ஆகவே, அந்தக் கல்லைக் கண்டால் குனிந்து உட்காருங்கள். குழந்தைகளை அருகில் அழைத்துக் காட்டுங்கள். கிடந்தபடியே படம் எடுத்துக்கொள்ளுங்கள்; அளவு தெரிவதற்குப் பக்கத்தில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை வையுங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு பூண்டி அகழ்வைப்பகத்தில் சொல்லுங்கள். நாணயத்தை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பதினைந்து லட்சம் ஆண்டு பழமையான கைவேலைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்தோம் என்கிற நினைவு இருக்கிறதே, அதற்குப் பையில் இடம் தேவையில்லை. பையில் காலித் தண்ணீர்ப் புட்டியும், தயிர் சாத டப்பாவும் இருந்தால் போதும். அவற்றை மட்டும் அங்கே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்!